மிச்சம் பிடித்த பார்வை

கரண்ட் போனதில் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை என்றுதான் முதலில் நினைத்தார்கள். லேசருக்கு யுபிஎஸ் இருந்தது, கணினிக்கு இருந்தது. கண்ணாடிக் குப்பிக்குள் சின்னக் காந்தத் துண்டைச் சுழலவிட்டுத் திரவத்தைக் கலக்கிக்கொண்டே இருக்கும் கலக்கிக்கு மட்டும் இல்லை. மோர் கடைகிற மத்துக்கு யாராவது யுபிஎஸ் கொடுப்பார்களா? அது நின்றுபோனதை ஒருவரும் கவனிக்கவில்லை. லேசர் பாட்டுக்குத் தேங்கி நின்ற திரவத்தின் மேல் மின்னிக்கொண்டே இருந்தது.

தமயந்தி மதியச் சாப்பாடு முடித்து வந்து பார்த்தபோது, வெளிர் பழுப்புத் திரவத்துக்கு நடுவே, லேசர் புகுந்து போன பாதையில், ரோஜா நிறத்தில் ஒரு மெல்லிய கோடு தெரிந்தது. குப்பியைத் தூக்கியதும் கோடு கலைந்து காணாமல் போயிற்று. பதினாறு வருஷமாக இதே வேலையைச் செய்கிறவள், அப்படி ஒரு கோட்டை அவள் பார்த்ததே இல்லை. பார்த்திருக்க முடியாது. ஏனென்றால் அவள் கலக்காமல் எதையும் அளந்ததே கிடையாது.

ஏற்காடு மலையடிவாரத்தில் இருந்த ஒளிமுகம் கண் ஆராய்ச்சி மையத்தில் அளவீட்டுப் பிரிவு அவள் பொறுப்பு. விழித்திரையில் ஒளியை உணரும் செல்கள் செத்துப்போனவர்களுக்கு அந்த மையம் பார்வை கொடுத்துக்கொண்டிருந்தது. செத்த செல்களுக்குப் பின்னால் நரம்புகள் உயிரோடுதான் இருக்கும், தட்டி எழுப்ப ஆள் இல்லாமல் தூங்கிக்கொண்டிருக்கும். அந்த இடத்தில் தங்கத் துகள்களை ஊசியால் செலுத்திவிடுவார்கள். துகள் ஒவ்வொன்றும் குட்டிக் கம்பி வடிவம், தலைமுடியின் அகலத்துக்கு ஆயிரத்துக்கு மேல் அடுக்கலாம். வெளியே ஒரு கண்ணாடி. அதில் உள்ள கேமரா பார்ப்பதை, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு மின்னல்களாக மாற்றி உள்ளே அனுப்பும். மின்னல் பட்ட தங்கம் ஒரு கணம் சூடாகும், சூடு நரம்பை எழுப்பும், மூளை பார்க்கும். ஊர் அதற்கு வைத்த பெயர் தங்கக் கண். ஊசி போட்டுக்கொண்டவர்களிடம் 'எத்தனை பவுன் போட்டிருக்காங்க?' என்று கேட்காத பக்கத்து வீட்டுக்காரர் சேலத்தில் கிடையாது.

அந்தத் தங்கம் எவ்வளவு சூடாகிறது, எவ்வளவு சீக்கிரம் ஆறுகிறது என்று அளப்பதுதான் தமயந்தியின் வேலை. அவளுடைய அண்ணன் சபாபதி, தனக்கு ஊசி போடுவதற்கு முந்தின வாரம் அவளிடம் கேட்டார்.

"பாப்பா, நீ அங்க என்னதான் பண்றே? ஊர்ல கேட்டா லேசர் அடிக்கறான்னு சொல்லிட்டு இருக்கேன்."

"சரியாத்தான் சொல்றீங்க. மொதல்ல ஒரு மின்னல் அடிச்சுத் தங்கத்தை எழுப்பி விடுவேன். பின்னாலயே ரெண்டாவது மின்னல் போய் எட்டிப் பாத்துட்டு வரும். அந்த ரெண்டுக்கும் நடுவுல இடைவெளியக் கூட்டிக் கூட்டிப் பாத்தா, உள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சுரும்."

"எவ்வளவு இடைவெளி?"

"ஒரு நொடிய லட்சம் கோடியா உடைச்சா வர்ற துண்டு இருக்குல்ல, அந்த அளவு. அதுக்குள்ள எலெக்ட்ரான் எல்லாம் கொதிச்சு, சூட்டைத் தங்கத்துக்கு இறக்கி விட்டுரும். தங்கம் பக்கத்துல இருக்கற தண்ணிக்கு இறக்கும். அடுப்பு, தோசைக்கல்லு, மாவு மாதிரிதான்."

"அப்ப எங்கண்ணுல தோசை சுடப் போறீங்க," என்று சொல்லிவிட்டு சபாபதி கடகடவென்று சிரித்தார். இருபத்தொன்பது வயதில் பார்வை முழுசாகப் போனவர் அவர். அரசுப் பள்ளியில் வரலாற்று ஆசிரியர். பானிபட் போர் மூன்றையும் புத்தகம் இல்லாமலே நடத்துவார், பின் பெஞ்சில் எவன் எதைக் கொறிக்கிறான் என்றும் சொல்லிவிடுவார்.

ஆக, கலக்கி. லேசர் வேலைக்கு வருகிற எல்லோருக்கும் முதல் நாளே சொல்லித்தருகிற பாடம் அது: மாதிரியைக் கலக்கிக்கொண்டே இரு. ஒரே துகள் திரும்பத் திரும்ப அடி வாங்கினால் அளவு கெட்டுவிடும், ஒவ்வொரு மின்னலுக்கும் புதுத் துகள் வந்து நிற்க வேண்டும். தமயந்தியும் அப்படித்தான் கற்றாள், அப்படித்தான் எத்தனையோ பேருக்குக் கற்றும் கொடுத்தாள். நல்ல பழக்கம். அதனால் அவர்கள் அளந்ததெல்லாம் முதல் அடி வாங்கிய தங்கத்தையே. பாதுகாப்பு எல்லை, மின்னலின் பலம், எல்லாமே அந்த அளவிலிருந்து வந்தவை.

கண்ணுக்குள் யார் கலக்குகிறார்கள்?

அன்று சாயங்காலமே அஸ்தம்பட்டி மளிகைக்கடையில் ஜெல்லி உறையவைக்கிற சைனா கிராஸ் ஒரு பாக்கெட் வாங்கினாள். அதைக் காய்ச்சித் தங்கத் துகள்களைக் கலந்து, வில்லைகளாக உறையவைத்தாள். விழித்திரையில் இருப்பதுபோல இப்போது துகள்கள் இருந்த இடத்தில் இருந்தன. ஒரு வில்லையை உடம்புச் சூட்டில் ஒரு பெட்டிக்குள் வைத்து, அதன் நடுவில் ஒரு புள்ளியில் கண்ணாடி அனுப்புகிற அதே மின்னல்களை அனுப்பினாள். பெட்டியைத் திறக்க வேண்டிய அவசியமில்லை, கருவியே அந்தப் புள்ளியை அளந்து திரையில் காட்டும். ஒளியே படாத இன்னொரு வில்லையை, ஒப்பிடுவதற்காக, வழக்கம்போல் குளிர்பெட்டியில் வைத்தாள்.

இரண்டு வாரத்தில் விஷயம் தெளிவாயிற்று. அடி வாங்க வாங்கக் கம்பிகள் குட்டையாகி, தடித்து, கடைசியில் உருண்டைகளாகிவிடுகின்றன, பழுப்பு நிறமும் ரோஜாவாகிவிடுகிறது. உருண்டைக்கு அகச்சிவப்பு ஒளி உறைக்காது. மின்னல் வந்தாலும் சும்மா கிடக்கும்.

இயக்குநர் டாக்டர் கஜேந்திரன் அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். நல்ல கைராசிக்காரர், கோபக்காரரும்கூட. அன்று கோபப்படவில்லை, அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது.

"பேஷண்டுங்க மங்கலாத் தெரியுதுன்னு சொன்னதெல்லாம் இதுதானா?"

"இதுதான் சார். பார்வை தேயுது. நோயினால இல்ல, பார்க்கறதுனால. ஒவ்வொரு தடவை பார்க்கறதும் ஒரு செலவு. இன்னொண்ணு, மங்கலா இருக்குன்னு சொல்றப்ப நம்ம டெக்னீஷியனுங்க பவரைக் கூட்டி வெச்சுக் குடுக்கறாங்க. அது இன்னும் சீக்கிரம் தீர்த்துரும். நரம்பையே வேக வெச்சாலும் வெச்சுரும்."

"பவரை இன்னிக்கே பூட்டிடறேன். யாரும் கூட்ட முடியாது." அவர் மேஜைமேல் இருந்த கண்ணாடி ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மறுபடி ஊசி போடவும் முடியாது. ரெண்டாவது தடவைய அந்தக் கண்ணு தாங்காது. முயல்லயே பாத்துட்டோம்."

"அப்ப அவங்ககிட்டச் சொல்லிடணும் சார்."

"என்னன்னு?"

"உங்க பார்வை அளவானது, பாத்துச் செலவு பண்ணுங்கன்னு."

கஜேந்திரன் எழுந்து ஜன்னலோரம் போனார். கீழே தோட்டத்தில் தங்கக் கண்காரர் ஒருவர், வெறும் சிமெண்ட் பெஞ்சையே வெகுநேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த ஆளைப் பாருங்க. பெஞ்சைப் பாத்துட்டு இருக்காரு. சந்தோஷமாப் பாத்துட்டு இருக்காரு. நீங்க போய் விஷயத்தைச் சொல்லிட்டா நாளையிலிருந்து பெஞ்சைப் பார்ப்பாரா? கண்ணாடிய எடுக்கறப்பல்லாம் இது தேவையா, தேவையான்னு யோசிப்பாரு. கடைசில கண்ணை வெச்சுக்கிட்டே இருட்டுல உக்காந்திருப்பாரு. தேயறது தேயட்டும் தமயந்தி. தேயற வரைக்கும் நிம்மதியாப் பார்க்கட்டும்."

"அவங்க கண்ணு சார். முடிவு அவங்கதான் எடுக்கணும்."

"அடுத்த கட்டத்துக்கு அனுமதி வரப்போற நேரம்," என்றார் அவர், அவள் பக்கம் திரும்பாமல். "கம்பி உருளாம இருக்கறதுக்கு ஏதாவது மேல்பூச்சு பூச முடியுமான்னு பாருங்க. அதுவரைக்கும் இது நமக்குள்ள இருக்கட்டும்."

அவள் வாதாடினாள். தோற்றாள். உண்மையைச் சொல்வதானால், தோற்பதற்குத் தோதாகவே வாதாடினாள். ஆராய்ச்சி நின்றுபோனால் தன் பிரிவும் நிற்கும் என்பது அவளுக்குத் தெரியாதா என்ன?

அந்த ஞாயிற்றுக்கிழமை அழகாபுரத்தில் அண்ணன் வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்த அண்ணி பவானி, கருநீலச் சேலையில் ஒரு சாண் அகலத்துக்கு வெள்ளைக் கரையோடு, நெற்றியில் காலணா அகலப் பொட்டோடு நின்றாள். தங்கக் கண்ணில் நிறம் தெரியாது. சாம்பல் புள்ளிகளாகத்தான் உலகம் தெரியும், கறுப்பும் வெளுப்பும் பளிச்சென்று பிரிந்தால் நன்றாகத் தெரியும். இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து பவானி அம்மாப்பேட்டையில் சொல்லி நெய்யவைத்து இந்த மாதிரிச் சேலைகளாகக் கட்டிக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். பார்வை போனபிறகு கட்டிக்கொண்டவளை சபாபதி பார்த்ததே இந்த நாலு மாதமாகத்தான்.

"உங்கண்ணனுக்குப் பொழுதுக்கும் இதே வேலை," என்றாள் பவானி. "அரிசி களைஞ்சாலும் பாக்கறாரு, தலை வாரினாலும் பாக்கறாரு. வெக்கமா இருக்கு தமயந்தி. இந்த வயசுல." அவள் முகத்தில் வெட்கம் இல்லை, பெருமைதான் இருந்தது.

சபாபதி கண்ணாடியோடு ஹாலில் உட்கார்ந்திருந்தார். "வா பாப்பா. உங்க ஆளுங்க சரியில்ல. மங்கலா இருக்குன்னு சொன்னா முன்னெல்லாம் உடனே கூட்டி வெப்பாங்க. இப்பப் போனா, பூட்டிட்டோம் சார்ங்கறாங்க. பூட்டறதுக்கு அது என்ன ரேஷன் கடையா?"

தமயந்தி கைப்பையின் ஜிப்பை மூடித் திறந்துகொண்டிருந்தாள்.

"ஏன் பேச மாட்டேங்கற? எதுனா பிரச்சினையா?"

அவரைப்போலத் தங்கக் கண்காரர்கள் இன்னும் நூறு பேருக்குமேல் இருந்தார்கள், அவர்களிடம் சொல்லமாட்டேன் என்று ஒப்புக்கொண்டு வந்தவள்தான். ஆனால் அவர்கள் யாரும் அவளைச் சின்ன வயதில் சைக்கிள் பாரில் உட்கார வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டவர்கள் இல்லை. ஊருக்கு ஒரு நியாயம், அண்ணனுக்கு ஒரு நியாயம் என்று தனக்கே கேவலமாக இருந்தபோதும், அவள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

சபாபதி அசையாமல் கேட்டார். பிறகு, "இப்ப உன்னப் பாத்துட்டு இருக்கேனே, இதுவும் செலவுதானா?" என்றார்.

"ஆமாண்ணா."

அவர் சட்டென்று கண்ணாடியைக் கழற்றிவிட்டார். தன்னைப் பார்க்க அவருக்கு மனசு வரவில்லை என்பது தமயந்திக்குச் சுருக்கென்றது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

"இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கும்?"

"கணக்காச் சொல்ல முடியாது. பாதிக்கு மேல இருக்கும்."

"நித்தி வர்றதுக்கு இன்னும் நாளிருக்கே," என்றார் சபாபதி மெதுவாக. நித்திலன் அவர்களுடைய ஒரே பையன். சரக்குக் கப்பலில் பயிற்சிக்குச் சேர்ந்து, அப்பாவுக்கு ஊசி போடுவதற்கு முந்தைய மாதம்தான் கடலுக்குப் போயிருந்தான். பிறந்ததிலிருந்து அவனை அவர் தொட்டுப் பார்த்திருக்கிறார், முகர்ந்து பார்த்திருக்கிறார், கண்ணால் பார்த்ததில்லை. போனில் படம் அனுப்பினால் அந்தச் சின்னத் திரை தங்கக் கண்ணுக்கு வெறும் புகையாகத்தான் தெரிந்தது. "பாப்பா, ஒண்ணு கேக்கறேன். கண்ணாடியத் தொடாமலே வெச்சுட்டா, மிச்சம் இருக்கறது அப்படியே இருக்குமா?"

குளிர்பெட்டியில் நிறம் மாறாமல் பழுப்பாகவே இருந்த வில்லை அவள் ஞாபகத்துக்கு வந்தது.

"இருக்கும்ணா," என்றாள். கொஞ்சம்கூட யோசிக்கவில்லை.

சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த பவானி முன்னால் வந்தாள். "அப்ப எடுத்து உள்ள வெச்சுருங்க. பையன் மொகத்தை விடவா மத்ததெல்லாம்?"

"உனக்குப் பரவால்லியா பவானி?"

"எனக்கென்ன? நாலு மாசம் பாத்தாச்சுல்ல. இனி புதுசா என்ன இருக்கு?" கண்ணாடியை ஒரு துண்டில் சுற்றி பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

அதற்கப்புறம் அந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் தமயந்திக்கு ஏதோ ஒன்று உறுத்தியது. சபாபதி பழையபடி கைத்தடியைத் தட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனார், பழையபடி சிரித்தார். பவானி கொஞ்ச நாள் அகலக்கரைச் சேலைகளைக் கட்டினாள். பிறகு ஒருநாள் துவைத்துத் துவைத்து வெளுத்த பழைய சேலையில் நின்றாள். பொட்டும் சின்னதாகிவிட்டது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பேச என்ன இருக்கிறது, எல்லோரும் சம்மதித்துச் செய்த ஏற்பாடுதானே!

கப்பலில் மாற்று ஆள் கிடைக்கவில்லை என்று நித்திலனின் வருகை தள்ளிப்போனது. மறுபடியும் தள்ளிப்போனது. "வரட்டும், வரட்டும்," என்பார் சபாபதி. "பார்வை எங்க போயிரப் போகுது? பத்திரமா பீரோல இருக்கு."

அவர்கள் கல்யாண நாளன்று தமயந்தி அங்கே இருந்தாள். பவானி தலையில் பூ வைத்திருந்தாள். பாயசத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு, விளையாட்டாகச் சொல்வதுபோல, "ஏங்க, இன்னிக்கு ஒருவாட்டி போட்டுப் பாருங்களேன். சும்மா ஒரு நிமிஷம்," என்றாள்.

சபாபதி கிண்ணத்தைக் கீழே வைத்தார். ஆசை இருந்தது, அது முகத்தில் தெரிந்தது. "வேணாம் பவானி. இன்னிக்கு ஒண்ணு, நாளைக்கு ஒண்ணுன்னு எடுத்தா கடைசில அவன் வர்றப்ப ஒண்ணும் இருக்காது."

"சும்மாதான் சொன்னேன்," என்று பவானி சிரித்தாள். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனவள், வெகுநேரம் வெளியே வரவில்லை. தமயந்தி தன் வாழ்க்கையில் எத்தனையோ நுட்பமான விஷயங்களை அளந்திருக்கிறாள். அன்று அண்ணி சிரித்த சிரிப்பை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. தான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் இந்நேரம் அண்ணன் அண்ணியைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்று மட்டும் தோன்றியது. அந்த நினைப்பை அவள் உடனே தள்ளிவிட்டாள். உண்மையைச் சொல்வது எப்படித் தப்பாகும்?

கண்ணாடியைப் பூட்டி எட்டு மாதம் ஆனபிறகு, ஒருவழியாக நித்திலன் சென்னையில் இறங்கிவிட்டான், காலை ரயிலில் சேலம் வருகிறான் என்று செய்தி வந்தது. அன்றைக்கு லீவு போட்டுவிட்டு அண்ணன் வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவளை, கஜேந்திரன் போனில் கூப்பிட்டார்.

"தர்மபுரி அம்மா ஒருத்தங்க ஞாபகம் இருக்கா? கண்ணாடி கேமரா உடைஞ்சு, வெளிநாட்டுப் பார்ட் வர்றதுக்காகக் காத்திருந்தாங்களே. ஆறு மாசமா கண்ணாடியே போடல. நேத்து புதுக் கண்ணாடி மாட்டி விட்டோம். ஒண்ணுமே தெரியலைங்கறாங்க. ஒரு புள்ளிகூட. உங்க கணக்குப்படி அவங்களுக்குத்தான் எல்லாரையும் விட ஜாஸ்தி மிச்சம் இருக்கணும். கொஞ்சம் வந்து பாருங்க."

ஸ்கூட்டியை அண்ணன் வீட்டுப் பக்கம் திருப்பாமல் ஆய்வகத்துக்கு ஓட்டினாள். குளிர்பெட்டியில் ஒளி படாத வில்லை இன்னும் பழுப்பாகவே இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது உள்ளங்கை சில்லிட்டது. குளிர்ச்சி! உடம்பு எங்கே குளிர்ந்திருக்கிறது?

உடம்புச் சூட்டில் இருந்த பெட்டியை மாதக்கணக்கில் அவள் திறக்கவே இல்லை. கருவிதான் அளக்கிறதே. அது ஒளி படுகிற புள்ளியை மட்டும் அளந்தது, அவளும் அந்தப் புள்ளியை மட்டுமே பார்த்தாள். மூடியைக் கழற்றினாள். புள்ளி மட்டும் இல்லை, வில்லை முழுக்க, ஓரத்திலிருந்து ஓரம் வரை, ஒளியே படாத இடமெல்லாம், ரோஜா நிறமாகிக் கிடந்தது.

பார்த்தாலும் தேயும். பார்க்காமல் வைத்தாலும், உடம்பின் வெறும் சூட்டிலேயே, மெல்ல மெல்லத் தேயும். கலக்குவது நல்ல பழக்கம், குளிரில் வைப்பது நல்ல பழக்கம். இரண்டு நல்ல பழக்கங்களும் சேர்ந்து அவள் கண்ணைக் கட்டிவிட்டிருந்தன.

போனில் சொன்னபோது கஜேந்திரன் பெருமூச்சு விட்டார். "பாவம், அந்தத் தர்மபுரி அம்மா. மத்தவங்களுக்குப் பெரிய நஷ்டம் இல்ல தமயந்தி. எல்லாரும் தினமும் போட்டுப் பாத்துட்டுத்தான் இருக்காங்க, இருந்ததை அனுபவிச்சுட்டாங்க. நல்லவேளை, நாம யார்கிட்டயும் சொல்லல. சொல்லியிருந்தா எவனாவது பார்க்காம சேத்து வெச்சிருப்பான்."

அவள் போனை வைத்துவிட்டாள். ஸ்கூட்டியை அழகாபுரத்துக்கு விரட்டினாள். வழியெல்லாம் ஒரே வேண்டுதல்: கொஞ்சமாவது மிச்சம் இருக்கட்டும், ஒரு கோடு, ஒரு நிழல். அண்ணனிடம் முன்னாடியே சொல்லிவிட வேண்டும். எதிர்பார்த்து ஏமாறுவதைவிடத் தெரிந்துகொண்டு போடுவது நல்லது. சொல்லிவிடலாம், இன்னும் ரயில் வந்திருக்காது.

ரயில் வந்துவிட்டிருந்தது. வாசலில் ஆட்டோ நின்றது. ஹாலில் சபாபதி சலவை வேட்டியும் முழுக்கைச் சட்டையுமாக, கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். சுவிட்ச்சை இன்னும் போடவில்லை. எதிரே பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் நித்திலன். வெயிலில் கறுத்து, தோள் அகன்று, ஆள் ஒரு சுற்றுப் பெருத்திருந்தான்.

"அத்தை, நீங்களும் வந்துட்டீங்களா! அப்பா உங்களுக்காகத்தான் வெயிட் பண்ணிட்டு இருந்தாரு," என்றான் அவன்.

"அண்ணா, ஒரு நிமிஷம்," என்று தமயந்தி ஆரம்பித்தாள்.

"வந்துட்டியா பாப்பா? நீ இல்லாம இது நடக்கலாமா?" சபாபதி சுவிட்ச்சைத் தட்டினார். கண்ணாடியின் ஓரத்தில் பச்சை விளக்கு எரிந்தது. "நித்தி, ஜன்னல் பக்கமா வெளிச்சத்துல நில்லுடா."

அவன் நின்றான். சபாபதியின் முகம் அவன் காலடிச் சத்தம் கேட்ட பக்கம் திரும்பியது. பவானி முந்தானையைப் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்கி நின்றாள்.

பிறகு சபாபதியின் உதடு விரிந்தது. "கொஞ்சம் இப்படித் திரும்பு... ஆங், அப்படித்தான். அடேயப்பா!"

"தெரியுதாப்பா?"

"தெரியுதாவா? நல்லாத் தெரியுதுடா."

தமயந்திக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. இருந்திருக்கிறது. எப்படியோ அண்ணனுக்கு மட்டும் மிச்சம் இருந்திருக்கிறது. தர்மபுரி அம்மாவுக்கு வேறு ஏதோ கோளாறு. கணக்குத் தப்பியதற்காக வாழ்க்கையில் முதல்முறையாக அவள் சந்தோஷப்பட்டாள்.

"அப்படியே உங்கம்மாதாண்டா," என்றார் சபாபதி. "அந்த அகல நெத்தி, அந்தக் குட்டை மூக்கு, சிரிச்சா கன்னம் ரெண்டும் மேல ஏறுதே, அதுகூட. அச்சு அசல் உங்கம்மா ஜாடை."

நித்திலனுக்குக் குறுகலான நெற்றி. நீண்டு, நுனியில் சற்றே வளைந்த மூக்கு. சபாபதியின் நெற்றி, சபாபதியின் மூக்கு. பிறந்த அன்றைக்கு ஆஸ்பத்திரி ஆயாவே அப்பனை உரித்து வைத்திருக்கிறது என்று சொன்ன முகம். தெருவில் புதிதாகக் குடிவந்தவர்கள்கூட வாத்தியார் பையனா என்று கேட்டுவிடுவார்கள்.

நித்திலன் ஒரு கணம் குழம்பி அம்மாவைப் பார்த்தான். பவானி அவனைப் பார்க்கவில்லை. அவள் கணவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாங்க," என்றாள் தெளிவாக. "எல்லாரும் அதான் சொல்றாங்க. என் ஜாடைதான்."

பையனின் கண்ணில் தண்ணீர் தளும்பியது. அவனுக்கும் விளங்கிவிட்டது. பெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் போய் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டான். "நல்லாப் பாத்துக்கங்கப்பா," என்றான்.

சமையலறையில் பவானி பால் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றிவிட்டு, பற்றவைக்காமல் நின்றுகொண்டிருந்தாள். தமயந்தி பின்னாலேயே வந்தாள்.

"அண்ணி, நான் சொன்னது தப்பாப் போச்சு. தொடாம வெச்சாலும் போயிருமாம். இன்னிக்குக் காலைலதான் தெரிஞ்சுது. நான் மட்டும் சொல்லாம இருந்திருந்தா..."

"அவரு பேச ஆரம்பிச்சவுடனே எனக்குத் தெரிஞ்சுபோச்சு," என்றாள் பவானி. "முன்னெல்லாம் தெரிஞ்சா வாய் பேசாது அவருக்கு. அப்படியே பாத்துட்டே இருப்பாரு."

"அவனுக்காகப் பொய் சொல்றாரு."

"பொய் என்ன தமயந்தி? அவருக்குத் தெரிஞ்ச மொகம் ஒண்ணே ஒண்ணுதான். அதை எடுத்துப் பையனுக்கு வெச்சுட்டாரு." அடுப்பைப் பற்றவைத்தாள். தீயைக் குறைத்தாள். குரல் உடைந்தது. "எட்டு மாசம் இங்கதான இருந்தேன் நான். இந்த வீட்டுலதான இருந்தேன்."

தமயந்தி அவள் கையைப் பிடிக்கப் போனாள். பவானி மெதுவாக விலக்கிக்கொண்டாள். கோபமாக இல்லை, அடுப்பில் பால் இருந்தது. ஹாலிலிருந்து சபாபதியின் குரல் கேட்டது.

"பவானி! எங்க போயிட்டே? இங்க வந்து அவன் பக்கத்துல நில்லு. ரெண்டு பேரையும் சேத்து வெச்சுப் பார்க்கறேன்."

"வர்றேங்க," என்றாள் பவானி. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். கலைந்திருந்த தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கி, சேலை மடிப்பை நேராக்கிக்கொண்டு, பையன் பக்கத்தில் போய் நின்றாள்.